அண்ணன் கண்ணின் வேகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

கேமரன் மலையில் குளிருக்குக் காசு கிடையாது. அந்தக் குளிரை வைத்தே என் அண்ணனுக்குப் பேச்சை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

நான் ரிங்லெட் டவுனில் ஒரு சீனர் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏன் தம்பி இது இவ்ளோ ஸ்லோவா ஓடுது?" தோட்டக்காரர் கேட்பார், பூ லோரி ஓட்டுகிறவர் கேட்பார், பள்ளிக்கூடத்து டீச்சரும் கேட்பார். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். உள்ளே ப்ராசசர் என்று ஒரு சில்லு இருக்கிறது. அதற்கு ஒரு துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி வேலை நடக்கும். துடிப்பைக் கூட்டினால் வேலை வேகமாகும், கூடவே சூடும் ஏறும். சூடு எல்லை தாண்டினால், கருகிப்போகாமல் இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தூசியைத் தட்டுங்கள், காற்றாடியைப் பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துவிட்டது. அடுத்தவன் பெட்டி என்றால் எனக்கு எல்லாம் தெரியும்.

அண்ணன் மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு செடிக்கு மேலே நடப்பார்கள். அதில் ஒரு பக்கம் எப்போதும் அண்ணன்தான். ஒரு நாள் அவர் வலது கை மெஷினைத் தானாக விட்டுவிட்டது. மறு பக்கம் பிடித்திருந்தவர் கன்னாபின்னாவென்று திட்டினாராம். அடுத்த மாதம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அதற்கடுத்து நாக்கு தடித்தது. மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்றார். புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும், கண் அசைவும் பெரும்பாலும் தங்கும் என்றும் சொன்னார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பெரிய தண்டனையாகப் பட்டது.

இரண்டு வருடத்தில் அண்ணன் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில், முன்னறைக் கட்டிலில் ஒரு கம்பளிக்குள் அடங்கிப்போனார். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. ஒரு முறை கண் சிமிட்டினால் ஆமா, இரண்டு முறை என்றால் இல்லை. அண்ணி அதை வைத்தே அவருக்குச் சோறு, தண்ணி, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லாம் பார்த்துக்கொண்டார். மனுஷனுக்கு ஆமா, இல்லை போதுமா? எனக்குப் போதவில்லை.

என் முதலாளி கடையின் மூலையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. தேயிலை பேக்டரி ஆபீசில் வேண்டாம் என்று கொடுத்தது. முதலாளியிடம் கேட்டேன், தூக்கிக்கொண்டு போ என்றார். கண் எங்கே பார்க்கிறது என்று கேமரா வழியே கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருள் இணையத்தில் சும்மா கிடைத்தது. திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு கட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அந்த எழுத்து விழும். போனில் செய்தி அனுப்புவது போல ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்க வேண்டியதுதான்.

முதல் நாள் அண்ணன் கால் மணி நேரம் போராடி ஒரு சொல்லை அடித்தார். "ஒன்னுக்கு." நாங்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கம்பளி நனைந்துவிட்டது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் தொண்டையிலிருந்தும் கர் கர் என்று ஒரு சத்தம் வந்தது, அதுவும் சிரிப்புத்தான். எனக்கு மட்டும் பெட்டியின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். கேமராவில் வரும் படத்தை அது நொடிக்கு முப்பது முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கிழட்டுச் சில்லு ஐந்தாறு முறைக்கே மூச்சு வாங்கியது. அண்ணன் கண் ஓர் எழுத்தை விட்டு அடுத்ததற்குப் போன பிறகுதான் திரையில் புள்ளி ஆடி அசைந்து வந்து சேரும். அப்புறம் தப்பான எழுத்து விழாமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அடிக்கத் தொடங்கினார். "தம்பி உன்கிட்ட ஒன்னு". அவ்வளவுதான். பெட்டி அப்படியே உறைந்து நின்றது.

நான் அதை அணைத்துத் திரும்பப் போடுவதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. அவருடைய கண் தசை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது, அன்றைக்குள்ளது முடிந்துவிட்டது. நான் குனிந்து கேட்டேன்.

"என்னண்ணே, என்கிட்ட ஒன்னு சொல்லணுமா?"

ஒரு சிமிட்டு.

"அண்ணியைப் பத்தியா?"

இரண்டு சிமிட்டு.

"வீட்டைப் பத்தியா? ஆஸ்பத்திரியைப் பத்தியா?"

இல்லை, இல்லை.

"என்னைப் பத்தியா?"

ஆமா. கண்ணை மூடித் திறந்தவர் பார்வையை எடுக்கவே இல்லை.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பயம். எங்களுக்குள் ஒன்று கிடந்தது. அப்பா செத்தபோது நான் ஈப்போவில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்காகப் போனை அணைத்து வைத்திருந்தேன். செய்தி தெரிந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் தலை மழித்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றார். "வந்துட்டாரு லா பெரிய படிப்பாளி. வந்த வழியே போ" என்றார், லயமே பார்த்துக்கொண்டிருக்கும்போது. நானும் போனேன். மூன்று வருடம் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் கை விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போக ஆள் தேடியபோதுதான் நான் போய் நின்றேன். காரில் அவர் மழையைப் பற்றிப் பேசினார், நான் ரோட்டைப் பற்றிப் பேசினேன். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. இப்போது எடுக்கிறார் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாரா, சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறாரா? எதுவானாலும் அவர் வாயால் எனக்கு வேண்டும். வாய்தான் இல்லையே, அந்தப் பெட்டியால் வேண்டும்.

அன்றிலிருந்து கடை மூடியதும் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறிவிடுவேன். பெட்டியைத் திறந்தால், அட கடவுளே, உள்ளே தேயிலைப் பஞ்சு. கொழுந்து காய்ந்து உடையும்போது பேக்டரியில் பறக்குமே, பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு தூசி, அது வருடக்கணக்கில் காற்றாடிக்குள் போய் மெத்தையாக உட்கார்ந்திருந்தது. சில்லு மூச்சு முட்டித்தான் தன்னை மெதுவாக்கிக்கொண்டிருந்தது. பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். சில்லுக்கு மேலே காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன். நினைவகம் இன்னொரு துண்டு சேர்த்தேன். தேவையில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினேன். கொஞ்சம் தேறியது. நொடிக்குப் பத்து, பன்னிரண்டு. அண்ணன் கண்ணுக்கு அது காணாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. துடிப்பை நாமே கூட்டிவிடுவது. சில்லு உட்கார்ந்திருந்த போர்டில் அதற்கு வசதி இருந்தது. ஒவ்வொரு படியாகக் கூட்டினேன். கூட்டினால் ஓடும், சூடாகும், சூடானதும் பழையபடி சுருண்டு படுக்கும். காற்றாடி எவ்வளவு சுற்றினாலும் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. அண்ணன் என் முதுகையே பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு, "இருண்ணே, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்பேன். அப்படி எத்தனை சாயங்காலம் போனது என்று இப்போது எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் படிக்கப் போவதற்கு முன்னால் நானும் தேயிலை பேக்டரியில்தான் இருந்தேன். கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடியால் காற்றைத் தள்ளி வாட்டுவார்கள். அந்த ஞாபகம் வந்தது. கீழ்நாட்டில் ஏர்கோன் வைத்துக் குளிர வைக்கிறான், நமக்கு வாசலிலேயே குளிர் நிற்கிறதே! ஜன்னலில் இரண்டு கண்ணாடிப் பட்டைகளை உருவினேன். தகரக் கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதை வெளியே பலகையில் வைத்தேன். திரையும் கேமராவும் உள்ளே, வயர் மட்டும் ஜன்னல் வழியே. அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு குழாய் செய்து, மேசைக் காற்றாடியால் மலைக் குளிரை நேராகச் சில்லின் மேலேயே ஊதவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னா லா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அன்றைக்கு.

ஓடியது! சத்தியமாக ஓடியது. துடிப்பை ஒன்றரை மடங்குக்குக் கூட்டியும் சூடு ஏறவில்லை. புள்ளி அண்ணன் கண்ணோடு ஒட்டிக்கொண்டு போனது. அண்ணி கையைத் தட்டினார். அண்ணன் கண் விரிந்தது. அவர் அடிக்கத் தொடங்கினார், "தம்பி" என்று. அந்த இடத்தில்தான் இந்த மடையன் குறுக்கே விழுந்தேன்.

"இருண்ணே, இருண்ணே. முதல்ல டெஸ்ட் பண்ணிருவோம். 'தேத்தண்ணி வேணும்'னு அடிங்க, எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்குறேன்."

அவர் அடித்தார். நான் போனில் நேரம் பார்த்தேன். துடிப்பை இன்னும் ஒரு படி கூட்டினேன். "இன்னொரு தடவை அடிங்கண்ணே." அடித்தார். இன்னொரு படி. திரும்பவும் தேத்தண்ணி. ஆறோ ஏழோ தடவை. ஒவ்வொரு தடவையும் சில நொடி குறைந்ததைப் பார்த்து நான் குதித்தேன். அண்ணி தேத்தண்ணியே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் நிமிர்ந்தபோது அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இமை திறக்கவில்லை.

"போதும் தம்பி, கண்ணு தாங்கல அவருக்கு" என்றார் அண்ணி.

"சரிண்ணே. இப்ப மெஷின் ரெடி. நாளைக்கு வந்ததும் அதைச் சொல்லிருங்க."

அவர் இமையைக் கொஞ்சம் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பெட்டியை அணைத்தேன். பேக்டரியில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். ஷிஃப்ட் முடிந்ததும் உலர்த்தும் மெஷினின் கதவையெல்லாம் திறந்துபோட்டுவிட்டுத்தான் போவோம், சூடு முழுக்க இறங்கட்டும் என்று. அதே போல இதையும் திறந்தே விட்டுவிட்டுப் போனேன். நாள் முழுக்க உழைத்த மெஷின், நன்றாக ஆறட்டும் என்ற எண்ணம். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சூடாக இருக்கும், பனி ஒட்டாது. நிறுத்தினால் உள்ளே இருக்கும் போர்டு குளிர்ந்து பனியை இழுத்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவனுக்கு அது உறைக்கவில்லை. இந்த மலையில் பிறந்தவன் நான். காலையில் மோட்டார் சீட்டைத் துணி போட்டுத் துடைக்காமல் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் ஆசையோடு சுவிட்சைத் தட்டினேன். டப் என்று ஒரு சத்தம். கருகிய வாடை. போர்டைக் கழற்றிப் பார்த்தால் அடியெல்லாம் துளித்துளியாகத் தண்ணீர்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மலாயில், இது செத்துவிட்டது, ஈப்போவில் போய் வேறு வாங்கு என்றார். என் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு திரும்ப அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கட்டில் பக்கம் போய், "நல்லதா ஒன்னு கொண்டுட்டு வர்றேண்ணே, பறக்கும் பாருங்க" என்றேன். வாசலில் அண்ணி என் கையைப் பிடித்தார்.

"அது இல்லாட்டி வேற வழியே இல்லையா தம்பி? நான் எழுத்தை ஒவ்வொன்னா வாசிச்சு, அவரு கண்ணைச் சிமிட்டி..."

"அண்ணி, அதெல்லாம் எத்தனை நாளைக்கு வாசிப்பீங்க? சரிப்பட்டு வராது. சும்மா இருங்க" என்றேன். சும்மா இருங்க என்று அண்ணியிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஈப்போவில் கூடப் படித்தவன் அறையில் தங்கினேன். பழைய சாமான் கடைகளில் அன்றைக்கே ஒரு செட் கிடைத்தது. அண்ணனுக்குத் தாராளமாகப் போதும். வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்னார், நாளை கோலாலம்பூரிலிருந்து இதைவிட நல்லது வருகிறது, இரண்டு தலைமுறை புதுசு, சூடும் குறைவு என்று. என் வாயில் எச்சில் ஊறியது. காத்திருந்தேன். நாளை என்றது மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அண்ணி போன் செய்தார்.

"தம்பி, எப்ப வர்றீங்க? அவரு கேக்குறாரு."

"நாளைக்கு வந்துருவேன் அண்ணி. சூப்பர் மெஷின் வருதுன்னு சொல்லுங்க."

அவர் எப்படிக் கேட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தேன். வளைவுகளில் அது இடித்துக்கொள்ளாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். மலை ரோட்டில் லைன் கிடைக்கவில்லை. ரிங்லெட்டில் இறங்கியதும் போன் விடாமல் அடித்தது. நான் மலை ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குச் சளி அடைத்துக்கொண்டது. தோட்டத்து வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அப்பா சாவுக்குத் தாமதமாக வந்தவன், அண்ணன் சாவுக்கும் அப்படியே வந்து சேர்ந்தேன். வந்த வழியே போ என்று சொல்ல இந்தத் தடவை வாசலில் யாரும் இல்லை. யாராவது சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். கட்டிலைக் கழற்றலாம் என்று நானும் அண்ணியும் மெத்தையைத் தூக்கினோம். அடியில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் அட்டை இருந்தது. அதன் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் தமிழ் எழுத்துகள். மேலே உயிரெழுத்து ஒரு வரி, கீழே மெய்யெழுத்து இரண்டு வரி. அண்ணி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"இது என்ன அண்ணி?"

"நீங்க ஈப்போ போன அன்னிக்கு எழுதினேன். விரலை வச்சு வாசிச்சுட்டே போவேன், வேணும்ங்கிற எழுத்துல சிமிட்டுவாரு. பாதியிலேயே எனக்கு வார்த்தை புரிஞ்சிரும், நான் சொன்னா ஆமான்னுவாரு. மூணு நாளும் பேசிட்டே இருந்தோம் தம்பி. பழைய சண்டையெல்லாம் பேசினோம். நான் வைக்கிற மீன் கறில புளி ஜாஸ்தியாம், இத்தனை வருஷமா சொல்லாம இருந்தாராம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எனக்குச் சொல்ல இருந்தது... அதைச் சொன்னாரா?"

"கேட்டேன் தம்பி. முதல் நாளே கேட்டேன். என்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டாரு. 'அவன் வரட்டும்'னாரு. ரெண்டாம் நாளும் கேட்டேன், அதேதான். அதனாலதான் உங்களுக்கு போன் பண்ணேன்."

"அதை... 'அவன் வரட்டும்'னு சொல்ல எவ்ளோ நேரம் ஆச்சு அவருக்கு?"

இதையும் கேட்டேன் நான். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அண்ணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கோபமில்லாமல்தான் சொன்னார்.

"தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சொல்லிட்டாரு தம்பி."

அந்த இரண்டாம் நாள் நான் ஈப்போவில், கையில் கிடைத்ததை வாங்காமல், இன்னும் வேகமானது ஒன்று வரும் என்று கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.